திருகைத் திருப்பும் உரிமை: பெட்ரோல் லாரி எஞ்சின் ட்யூனிங்கின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1980-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சாலைகளில் ஓடிய பெட்ரோல் லாரிகளின் எஞ்சின்கள், தொழிற்சாலையில் அமைத்துக்கொடுத்த நிலையிலேயே நெடுநாள் நிற்பவை அல்ல. ஓடும் தூரம் கூடக்கூடத் தீப்பொறியைப் பிறப்பிக்கும் முனைகள் தேய்ந்தன. வால்வுகளின் இடைவெளி மாறியது. கார்பரேட்டரின் நுண்துளைகளில் பிசின் படிந்தது. எந்தப் பாகமும் உடையாமலேயே, பழுது என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாமலேயே, வண்டியின் இழுவை குறைந்து பெட்ரோல் செலவு கூடியது. இவ்வாறு விலகிப்போன அளவுகளை மீண்டும் ஒன்றோடொன்று இசைய வைக்கும் வேலையே ட்யூனிங் எனப்பட்டது; உடைந்ததை மாற்றும் பழுதுபார்ப்பிலிருந்து அது வேறான தொழில். அதன் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. ஆனால் அந்த அளவுகளைத் தீர்மானிக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்ற கேள்வியோடு அணுகினால்தான், அது ஓட்டுநரிடமிருந்து மெக்கானிக்குக்கும், மெக்கானிக்கிடமிருந்து சட்டத்துக்கும் கைமாறிய விதம் புலப்படும்.

கார்பரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் டொனாத் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் 1893-ஐ ஒட்டித் தனித்தனியே உருவாக்கிய தெளிப்பு முறையே பிற்காலக் கார்பரேட்டர்களுக்கெல்லாம் அடிப்படை. காற்று செல்லும் குழாயின் நடுவே இடை சிறுத்த ஒரு பகுதி இருக்கும். அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைவதால், பக்கத்திலுள்ள கிண்ணத்தில் ஒரு மிதவையால் ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் அளவிட்ட துளை வழியாக உறிஞ்சப்பட்டுத் தூவலாகக் காற்றில் கலக்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். முழு வலுவும் வேண்டுமானால் காற்று 13 பங்குக்குக் குறைய வேண்டும். சிக்கனமாக ஓட 16 வரை கூடலாம். எஞ்சினின் தேவை இப்படி நொடிக்கு நொடி மாற, கார்பரேட்டரோ எதையும் அளந்து பார்ப்பதில்லை. காற்றோட்டத்தின் இயல்பை நம்பியே கலவையைத் தருகிறது. நின்ற நிலையில் ஓடுவதற்கு ஐட்லிங் ஜெட், திடீர் முடுக்கத்துக்கு ஒரு சிறு பம்ப், குளிரில் கிளப்புவதற்குக் காற்றை அடைக்கும் சோக் எனத் துணை உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததும், அவை ஒவ்வொன்றும் மனிதக் கை பட வேண்டிய ஒரு திருகையோ நெம்பையோ கொண்டுவந்ததும் இதனால்தான்.

தொடக்கத்தில் அந்தக் கை ஓட்டுநருடையது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் காரிலும், அதே எஞ்சினை வைத்து 1917-இல் ஒரு டன் சுமைக்கென ஃபோர்டு வெளியிட்ட டிடி மாடல் லாரியிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு நெம்பும் வலப்பக்கம் ஒரு நெம்பும் இருந்தன. வலது நெம்பு வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இடது நெம்பு தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தியது. சிலிண்டருக்குள் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும்போதோ பொறி தாமதமாக விழ வேண்டும், இல்லையேல் எஞ்சின் பின்னோக்கி உதைத்துச் சுற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். முன்பலகையில் நீட்டியிருந்த ஒரு கம்பியைத் திருகினால் கார்பரேட்டரின் ஊசி ஏறி இறங்கிக் கலவை மாறியது. ஏற்றத்தில் ஒரு பதம், வெயிலில் ஒரு பதம், காலைக் குளிரில் ஒரு பதம் என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் தன் எஞ்சினைச் செவியால் கேட்டுச் சரிசெய்தார். டிடி லாரியின் ஓட்டுநருக்கு ட்யூனிங் தனித் தொழில் அல்ல; ஓட்டுவதில் ஒரு பகுதி.

அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஒஹையோ மாநிலத்தின் டேய்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவருடைய டெல்கோ நிறுவனம் உருவாக்கிய பேட்டரி வழித் தீமூட்டு முறை 1910-ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களிலும், மின்சாரத்தால் கிளப்பும் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் கேடிலாக்கிலும் இடம்பெற்றன. அந்தத் தீமூட்டு முறையில் பாயிண்ட் எனப்படும் இரு உலோக முனைகள் சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகும். முனைகள் பிரியும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் பிளக்கில் பொறியாக வெடிக்கும். பிரியும் முனைகளுக்கிடையே நெருப்பு தாவாதபடி காப்பது கண்டன்சர். பொறியை உரிய சிலிண்டருக்குப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள்ளேயே, வேகம் கூடும்போது விரியும் எடைக்குண்டுகளும், உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தால் இழுபடும் ஒரு சவ்வும் காலப்போக்கில் சேர்க்கப்பட்டு, பொறியின் நேரத்தைத் தாமே நகர்த்தத் தொடங்கின. ஓட்டுநரின் இடது நெம்புக்கு இனி வேலை இல்லை. ஆனால் தேயும் பாகங்கள் இப்போது பேக்கலைட் மூடிக்குள் இருந்தன. அந்த மூடியைத் திறக்கத் தெரிந்தவர் வேண்டியிருந்தார். ட்யூனிங் மெக்கானிக் என்ற தனித் தொழிலாளி உருவானதன் காரணம் இதுவே.

அந்தத் தொழிலின் முழு முறையையும் செவர்லே லாரியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு விளக்கலாம். 1929-ஆம் ஆண்டு மாடலோடு 194 கன அங்குலக் கொள்ளளவில் அறிமுகமான இந்த எஞ்சின், 1937-இல் 216 கன அங்குலமாக மறுவடிவம் பெற்று, 1941 முதல் பெரிய லாரிகளுக்கு 235 கன அங்குலமாக வளர்ந்து, 1960-களின் தொடக்கம் வரை பண்ணைகளிலும் சரக்குக் கொட்டகைகளிலும் உழைத்தது. வார்ப்பிரும்பாலான, வால்வு மேலமைந்த இந்த எளிய எஞ்சினில் தொட வேண்டிய இடங்கள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. எத்தனையோ மெக்கானிக்குகள் தொழில் பழகியது இதில்தான்.

கார்பரேட்டரைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பது ட்யூனிங்கின் முதல் விதி. பழகாதவர் கை முதலில் நீளும் இடம் கார்பரேட்டரின் திருகு. தேர்ந்தவரோ அங்கே போவதற்கு முன் காற்றழுத்தத்தையும் பொறியையும் சரிபார்த்துவிடுவார். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றும்போது, 216 எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டை ஒட்டிய அழுத்தம் எதிர்பார்க்கப்பட்டது. ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தனர். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு ஒழுகுகிறது என்று முடிவு. அழுத்தமே இல்லாத எஞ்சினை எந்தத் திருகாலும் ட்யூன் செய்ய முடியாது.

அடுத்தது வால்வு இடைவெளி, பட்டறை மொழியில் டேப்பட். வெப்பத்தில் நீளும் உலோகத்துக்கு இடம்விட்டு வைக்கும் இந்த நூலிழை இடைவெளி, 216 எஞ்சினில் நுழைவு வால்வுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 6 பங்கு, வெளியேற்று வால்வுக்கு 13 பங்கு. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் மூடியைக் கழற்றி, துள்ளும் ராக்கர் கைக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே தகட்டு அளவியைச் செருகி, தகடு விரலில் ஏற்படுத்தும் இழுப்பைக் கொண்டு அளவை நிறுத்துவது வழக்கம். சூடான எண்ணெய் கையில் தெறிக்கச் செய்யப்பட்ட இந்த வேலையே தொழிலின் உச்சமான கைத்திறன் எனலாம். எழுத்தில் தர இயலாத அந்த இழுப்பின் அளவை ஒருவர் மற்றொருவரின் அருகில் நின்றுதான் கற்றுக்கொண்டார்.

அதன் பிறகே பொறி. பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி அல்லது சூடு மிகுதி. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் நார்க்கட்டை தேயத்தேய முனைகளின் இடைவெளி சுருங்கி, அவை தாமதமாகப் பிரியும். அதனால் பொறியின் நேரமும் பின்தங்கும். சில ஆயிரம் மைல் ஓடிய லாரி ஏற்றத்தில் சோம்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். ஆனால் டைமிங்கை மாற்றினால் பாயிண்ட் இடைவெளி மாறாது. ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் அடுத்து என்ற வரிசை விருப்பத்தால் வந்ததன்று. இயந்திரத்தின் அமைப்பே விதித்தது. செவர்லே எஞ்சினில் டைமிங் குறியாக ஃப்ளைவீல் சக்கரத்தில் ஒரு சிறு எஃகுக் குண்டு பதிக்கப்பட்டிருந்தது. முதல் சிலிண்டரின் பொறியோடு மின்னும் டைமிங் விளக்கைப் பக்கவாட்டுத் துளையில் காட்டினால், சுழலும் குண்டு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிக் குண்டை முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். இவை எல்லாம் முடிந்த பின்னரே கார்பரேட்டர். 1940-களில் கார்ட்டர் டபிள்யூ-1 வகையும், 1950 முதல் ராச்செஸ்டர் பி வகையும் பொருத்தப்பட்ட இந்த எஞ்சினில் ஐட்லிங் கலவைக்கு ஒரே ஒரு திருகுதான். உறிஞ்சு குழாயில் வெற்றிடமானியை இணைத்து, முள் அசையாமல் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் மிக உயர்ந்து நிற்கும் இடம்வரை அந்தத் திருகைத் திருப்பினர். முள் சீராகத் துடித்தால் ஏதோ ஒரு வால்வு ஒழுகுகிறது. மெல்ல அலைந்தால் கலவை சரியில்லை.

எந்த இடத்தில், எந்தப் பெட்ரோலில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தும் சரியான அளவு மாறியது. கடல்மட்டத்துக்கு 5,280 அடி மேலே உள்ள டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அமைத்த கார்பரேட்டர் அங்கே பெட்ரோலை மிகுதியாகத் தந்து கரும்புகை கக்க வைக்கும். வெற்றிடமானியும் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறைத்தே காட்டும். கொலராடோவின் மலைப்பாதைகளில் ஓடிய வண்டிகளுக்குச் சிறிய ஜெட் போடுவது அதனால் வழக்கமாயிற்று.

பெட்ரோலின் தரமோ அதைவிட நிலையற்றதாக இருந்தது. கலவை பொறியால் எரிவதற்கு மாறாகத் தானே வெடித்தெரியும் நாக்கிங் என்ற தட்டல் ஓசையைத் தடுக்க வழி தேடிய கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில், தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தின் ஆற்றலைக் கண்டறிந்தார். 1923 பிப்ரவரியில் டேய்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நஞ்சால் தொழிலாளர்கள் பைத்தியம் பிடித்தவர்களைப் போலத் துடித்து இறந்த பின்னும் விற்பனை நிலைபெற்றது என்பது இத்தொழில் வரலாற்றின் மிகத் துயரமான பக்கம். அந்த ஈயத்தைத் தான் சுரண்டிய ஒவ்வொரு பிளக்கிலும் மெக்கானிக் அரை நூற்றாண்டு காலம் தொட்டுக்கொண்டிருந்தார். பெட்ரோலின் தட்டல் தாங்கும் திறனை எண்ணால் குறிக்கும் ஆக்டேன் அளவுகோல் 1920-களின் பிற்பகுதியில் வந்தது. ஊருக்கு ஊர், விற்பனை நிலையத்துக்கு நிலையம் அந்த எண் வேறுபட்டது. செவர்லே இதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஆக்டேன் செலக்டர் என்ற சிறு அளவுப்பலகையை வைத்தது. முழு வேகத்துக்கு முடுக்கும்போது மெல்லிய தட்டல் கேட்டு உடனே மறையும் இடமே சரியான டைமிங் என்று அதைக் கையால் நகர்த்தி அமைத்தனர். தொழிற்சாலையே இறுதித் தீர்ப்பை மெக்கானிக்கின் செவிக்கு விட்டிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த உரிமையை வேறொரு விதத்தில் சோதித்தது. ஜிஎம்சி நிறுவனத்தின் 270 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய இரண்டரை டன் இராணுவ லாரிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. 1944 ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் நடைபெற்ற ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற சரக்கு ஓட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவை இவையே. ஓட்டுநர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பின வீரர்கள். எஞ்சின் அளவு மீறிச் சுழலாதபடி கார்பரேட்டருக்கும் உறிஞ்சு குழாய்க்கும் இடையே கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவியை இராணுவம் பொருத்தியிருந்தது. முன்னேறிச் செல்லும் படைகளுக்குப் பெட்ரோலும் குண்டுகளும் சேர வேண்டிய அவசரத்தில் பல ஓட்டுநர்கள் அதைச் செயலிழக்கச் செய்து ஓட்டினர். விதிமீறல்தான், ஆயினும் டிடி லாரிக் காலத்துக்குப் பின் ஓட்டுநரிடமிருந்து பறிபோன உரிமை போர்முனையில் சில வாரங்கள் அவரிடமே திரும்பியிருந்தது. மறுபுறம், இராணுவமோ விவசாயக் குடும்பத்து இளைஞர்களையெல்லாம் ஒரே ஒழுங்கில் பராமரிப்புப் பழக்கியது. போர்க்காலத்தில் ஆர்மி மோட்டார்ஸ், 1951 முதல் பிஎஸ் மேகசின் ஆகிய இதழ்களில் வில் ஐஸ்னர் வரைந்த சித்திரங்கள் எண்ணெய் பார்ப்பது, பிளக் துடைப்பது போன்றவற்றைப் படம்போட்டுக் கற்பித்தன. போர் முடிந்து திரும்பிய பலர் இந்தத் தொழிலுக்கே வந்தனர்.

தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சிவ்ரியில் தொடங்கிய ஆலையில் கோக்கப்பட்ட செவர்லே வண்டிகளைத் தென்னாட்டில் விற்றுப் பராமரித்தவர்களுள் மதுரையின் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் முதன்மையானது. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் அந்த நிறுவனம் கரிவாயு உலைகளைத் தயாரித்தது. அதே பெட்ரோல் எஞ்சின் மரக்கரியின் வாயுவில் ஓட வேண்டியிருந்தபோது, மெதுவாக எரியும் அந்த வாயுவுக்கு டைமிங்கை முன்னே நகர்த்தும் வேலையும் பட்டறைகளுக்கு வந்தது. ஆனால் 1954-இல் டாடா-மெர்சிடிஸ் லாரிகளும், அதை ஒட்டிய ஆண்டுகளில் எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டும் டீசலைக் கொண்டுவந்த பின், பெட்ரோல் லாரி இங்கு விரைவில் மறைந்தது. பாயிண்டும் கார்பரேட்டரும் கார், ஜீப் பட்டறைகளில் மட்டும் தொடர்ந்தன.

அமெரிக்காவில் மாற்றம் வந்தது வேறு திசையிலிருந்து. லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய கண் எரிக்கும் புகைமூட்டம், வண்டிகள் எரிக்காமல் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்று ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். கலிபோர்னியாவில் 1966 மாடல்களுக்கும், நாடு முழுவதும் 1968 மாடல்களுக்கும் புகைபோக்கி அளவுகள் விதிக்கப்பட்டன. 1970-இன் தூய காற்றுச் சட்டம் அவற்றைப் பன்மடங்கு கடுமையாக்கியது. இதுவரை வெற்றிடமானியின் முள் மிக உயரும் இடமே சரியான இடமாக இருந்தது. இப்போது அந்த இடத்தைக் கண்டபின், எஞ்சினின் சுழற்சி குறிப்பிட்ட அளவு விழும்வரை திருகை உள்ளே முறுக்கிப் பெட்ரோலைக் குறைக்கும்படி கையேடுகள் கூறின. எஞ்சின் மகிழ்ந்து ஓடும் இடமும் சட்டம் ஏற்கும் இடமும் முதன்முறையாக வெவ்வேறாயின. புகையைக் குறைக்க டைமிங்கும் பின்தள்ளப்பட்டதால் அக்காலத்து எஞ்சின்கள் சூடேறி, வலுவிழந்து, நிறுத்திய பின்னும் உதறிக்கொண்டிருந்தன. ஐட்லிங் திருகின் தலையில் முதலில் பிளாஸ்டிக் மூடி வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதே திருகு எஃகு அடைப்புக்குப் பின்னால் மூடப்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் 1977 திருத்தம், புகைக் கட்டுப்பாட்டைக் குலைப்பதை மெக்கானிக்குகளுக்கும் குற்றமாக்கியது. காற்றைப் பொறுத்தவரை சட்டம் செய்தது சரியே. நகரங்களின் குழந்தைகள் சுவாசித்த காற்றோடு ஒப்பிட ஒரு தொழிலின் வசதி சிறிது. என்றாலும் செவியும் விரலும் கொண்டிருந்த அறிவுக்கு மதிப்பளிக்கும் எந்த வழியையும் அந்தச் சட்டம் நாடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

லாரிகள் இந்த விதிகளுக்குள் கார்களைவிடத் தாமதமாகவே வந்தன. 1975 மாடல்களில் நச்சு நீக்கும் வினையூக்கிப் பெட்டியும், அதைக் கெடுக்காத ஈயமற்ற பெட்ரோலும் வந்தபோது, சுமையோடு 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் விலக்குப் பெற்றிருந்தன. ஃபோர்டு எஃப்-150 அந்த எல்லையைச் சற்றே தாண்டும்படி வடிவமைக்கப்பட்டே அவ்வாண்டு அறிமுகமாயிற்று. பாயிண்டோ அதற்கு முன்பே விடைபெறத் தொடங்கியிருந்தது: கிறைஸ்லர் 1973 மாடல்களில் மின்னணுத் தீமூட்டு முறையைப் பொதுவாக்க, ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் பின்தொடர்ந்தது. தேயும் முனை இல்லாததால் டைமிங் விலகவில்லை. பருவந்தோறும் லாரியைப் பட்டறைக்கு வரவழைத்த முதற்காரணம் அத்தோடு போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் சிறு லாரிகள் 1987 மாடல்களில் பெட்ரோலைக் கணினியின் கட்டளைப்படி பீய்ச்சும் முறைக்கு மாறின. வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை ஓர் உணரி இடைவிடாமல் அளந்து கூற, கலவை நொடிக்குப் பலமுறை தானே திருத்தப்பட்டது.

இன்று ஓடும் பழைய செவர்லேக்களுக்கு 1950-ஆம் ஆண்டுக் கையேட்டின் எண்கள் அப்படியே பொருந்துவதில்லை. அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், மிச்சமின்றி எரியத் தேவையான காற்று 14.7 பங்கிலிருந்து ஏறத்தாழ 14.1 பங்காகக் குறைந்துள்ளது. பழைய ஜெட் அதே அளவு எரிபொருளைத் தந்தால் கலவை காற்று மிகுதியாகி, பிளக் வெளுத்து, முடுக்கும்போது எஞ்சின் தயங்குகிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப் சவ்வையும் கெடுக்கிறது. ஈயம் நீங்கியதால் கடுஞ்சுமை இழுக்கும் எஞ்சின்களில் வெளியேற்று வால்வின் இருக்கைக்குக் கடினப்படுத்திய வளையம் பொருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே வண்டியின் உரிமையாளரே டேப்பட், பாயிண்ட், டைமிங் என்ற பழைய வரிசையில் வேலையை முடித்து, ஏற்றத்தில் ஓட்டிப் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு பெரிய ஜெட்டைப் போட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்.